ஓர் அணாச் சிற்றுண்டி: சென்னையில் சமச்சீர் உணவின் வரலாறு

ஒருவரின் வயது, உழைப்பு, உடல்நிலை ஆகியவற்றுக்கு வேண்டிய ஆற்றலையும், உடலைக் கட்டும் புரதத்தையும், கொழுப்பு, வைட்டமின்கள், தாதுக்கள், நார்ச்சத்து ஆகியவற்றையும் ஒன்றுக்கொன்று தகுந்த விகிதத்தில் தரும் உணவே சமச்சீர் உணவு எனப்படுகிறது. இந்த வரையறை இன்று பள்ளிப் பாடநூலிலேயே இடம்பெற்றுவிட்டதால், இது என்றென்றும் இருந்துவந்த அறிவு என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் சென்னை நகரைப் பொறுத்தவரை, சமச்சீர் உணவு என்பது ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக் காலத்தில், பஞ்ச நிவாரணக் கூலி, மாநகராட்சித் தீர்மானம், ஆய்வுக்கூடத் தராசு, அரசின் நிதிநிலை அறிக்கை ஆகியவற்றின் வழியே ஒவ்வொரு பொருளாக ஏழையின் தட்டுக்கு வந்து சேர்ந்த ஒன்று. அந்த வரலாறு நெடுகிலும் இரண்டு கணக்குகள் உடன் நடந்து வருகின்றன: உடலுக்கு எவ்வளவு வேண்டும் என்பது ஒன்று, அதற்கான செலவு யாருடைய ஏட்டில் எழுதப்படும் என்பது மற்றொன்று. முதற்கணக்கை மருத்துவரும் ஆய்வாளரும் போட்டுக் கொடுத்த காலத்திலும், இரண்டாம் கணக்கு தீராதவரை தட்டு நிறையவில்லை என்பதையே இந்த வரலாறு காட்டுகிறது.

இவ்வரலாற்றின் முக்கிய மனிதர் மூவரின் நினைவும் நகரின் ஒரே பகுதியில், தியாகராய நகரில், நிலைத்திருக்கிறது. 1920களில் மாம்பலம் பகுதியில் உருவான அந்தப் புதிய குடியிருப்பு, சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது, முதலமைச்சராக இருந்த காமராசர் வாழ்ந்த வீடு அங்குள்ள திருமலைப் பிள்ளை சாலையில் நினைவில்லமாக உள்ளது, எம்.ஜி.ஆர். நினைவில்லம் ஆற்காடு தெருவில் உள்ளது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதுச் செலவில் உணவளிக்கும் வழக்கத்தைத் தொடங்கியவர், அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுசென்றவர், அதற்குச் சத்துணவு என்ற பெயரைத் தந்தவர் என்ற வரிசையில் இம்மூவரும் அமைகின்றனர்.

தாது வருடமும் ஒரு பவுண்டு தானியமும்

ஒரு மனிதருக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்ற கேள்வி சென்னையில் அரசாங்கக் கேள்வியாக முதன்முதலில் வலுவாக எழுந்தது, மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கும் 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தின்போதுதான். மழை பொய்த்து, தானிய விலை ஏறி, சிற்றூர்களிலிருந்து மக்கள் நகரை நோக்கி வந்த அக்காலத்தில், உழைக்க இயலாதவர்களுக்குக் கஞ்சித்தொட்டிகளும், உழைக்கக்கூடியவர்களுக்கு நிவாரண வேலைகளும் திறக்கப்பட்டன. அந்த நிவாரண வேலைகளில் ஒன்று நகரின் நடுவிலேயே நடந்தது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய்ப் பகுதி 1877–78இல் பஞ்சத்தில் அடிபட்ட மக்களின் உழைப்பால் வெட்டப்பட்டு, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. இன்று மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் பறக்கும் ரயில்பாதையின் தூண்கள் ஊன்றி நிற்கும் அந்தக் கால்வாயின் கரைகள், மண்வெட்டியும் கூடையும் ஏந்திய பசித்த மனிதர்கள் எழுப்பியவை.

அத்தகைய வேலைகளுக்கு எவ்வளவு கூலி தருவது என்பதில்தான் பெரும் விவாதம் மூண்டது. 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், செலவைக் குறைக்கும் நோக்கத்துடன், ஓர் ஆண் தொழிலாளியின் நாட்கூலி ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதன்மேல் ஒரு சிறு தொகையும் என்று வரையறுத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஒரு பவுண்டு தானியம் உயிரை ஒட்டவைக்குமே தவிர, வேலை செய்யும் உடலைத் தாங்காது என்றும், ஒன்றரைப் பவுண்டு அரிசியும் அதனுடன் பருப்பும் காய்கறியும் சேர்ந்தாலன்றித் தொழிலாளியின் தசை தேய்வதைத் தடுக்க முடியாது என்றும் அவர் வாதிட்டார். சில மாதங்களுக்குள் சென்னை அரசு கூலி அளவை உயர்த்த நேர்ந்தது.

இன்றைய அளவுகோலால் பார்க்கும்போது அந்த விவாதத்தின் கனம் விளங்கும். ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 454 கிராம் அரிசி, சுமார் 1,600 கிலோகலோரி ஆற்றலைத் தரும். கிலோகலோரி என்பது உணவு உடலுக்குத் தரும் வெப்ப ஆற்றலை அளக்கும் அலகு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்த வேலை செய்தால் நாளொன்றுக்கு 2,110 கிலோகலோரியும், கடும் உடலுழைப்பு செய்தால் 3,470 கிலோகலோரியும் தேவைப்படும். மண் வெட்டிச் சுமந்தவருக்குக் கிடைத்த தானியம், கடும் உழைப்புக்கு வேண்டியதில் பாதியைக்கூட எட்டவில்லை. விலை ஏறிய சந்தையில் எஞ்சிய பாதியை அந்தச் சிறு தொகை கொண்டு வாங்கிவிடவும் முடியாது. வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத அக்காலத்தில், கார்னிஷ் தானியத்துடன் பருப்பையும் காய்கறியையும் கேட்டார் என்பது கவனத்துக்குரியது. அளவு மட்டும் போதாது, சேர்க்கையும் வேண்டும் என்ற கருத்து, சென்னையில் அரசு ஆவணத்தில் ஏறிய ஆரம்பத் தருணங்களில் அதுவும் ஒன்று.

ஆயிரம் விளக்குப் பள்ளியில்

பஞ்சம் நீங்கிய பின்னும், அன்றாடப் பசி நீங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரின் மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்த பிள்ளைகளில் பலர் காலையில் வெறும் வயிற்றுடன் வந்தனர். பலர் வராமலே இருந்தனர். பள்ளிக்கூடம் கட்டணமின்றித் திறந்திருந்தாலும், பசியுள்ள வீட்டுக்குப் பிள்ளையின் சிறு வேலையும் சிறு கூலியும் தேவைப்பட்டதால், வருகைப் பதிவேடு மெலிந்தே கிடந்தது.

இந்நிலையில், நீதிக்கட்சியின் தலைவர்களில் ஒருவரும் மாநகராட்சித் தலைவருமான தியாகராயரின் முயற்சியால், 1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பள்ளியின் மாணவர்களுக்கு, ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கலாம் என்பது அத்தீர்மானத்தின் சாரம். ஓர் அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. அப்பள்ளியில் பயிலும் பிள்ளைகள் ஏழைகள் என்பதும், அந்த ஏழ்மையே பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைப் பெரிதும் குறைக்கிறது என்பதும் மன்றத்தில் அவர் எடுத்துவைத்த காரணம். அதன் பின் வேறு நான்கு பள்ளிகளுக்கும் சிற்றுண்டி விரிவாக்கப்பட்டது. விளைவு பதிவேட்டிலேயே தெரிந்தது: ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922–23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை, 1924–25இல் 1,671 ஆக உயர்ந்தது.

இரண்டே ஆண்டுகளில் இருமடங்கைத் தாண்டிய அந்த எண்ணிக்கை, திட்டத்தைக் காப்பாற்றவில்லை. தொடக்கக் கல்விக்கென ஒதுக்கப்பட்ட நிதியை உணவுக்குச் செலவிடக் கூடாது என்ற நிலையை அரசு எடுத்ததால், 1925 ஏப்ரலில் சிற்றுண்டி நின்றுபோனது. அதே மாதத்தின் இறுதியில் தியாகராயரும் காலமானார். சிற்றுண்டி பயனற்றது என்று யாரும் நிறுவவில்லை. பிள்ளைகள் அதை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. உணவு கல்வியின் செலவா, வேறு எதன் செலவா என்ற கணக்குத் தலைப்புதான் அதை நிறுத்தியது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை வீட்டில் எவரும் அறிவர். ஆனால் அந்த அறிவு அரசின் ஏட்டில் ஒரு தலைப்பாக ஏறுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன.

தவிட்டில் இருந்த உயிர்ச்சத்து

சிற்றுண்டி தொடங்கி நின்ற அதே ஆண்டுகளில், உணவின் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விக்குச் சென்னை மாகாணத்திலேயே விடை தேடப்பட்டது. ஜாவாவில் கிறிஸ்தியான் எய்க்மன் 1890களில் தீட்டிய அரிசிக்கும் பெரிபெரி நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டிருந்தார். பெரிபெரி என்பது நரம்பும் இதயமும் தளர்ந்து, கால் வீங்கி, உயிரையே பறிக்கக்கூடிய நோய். 1912இல் காசிமிர் ஃபுங்க் என்ற அறிவியலாளர், மிகச் சிறிய அளவில் இருந்தும் உடலுக்கு இன்றியமையாத இத்தகைய பொருள்களுக்குப் பெயர் சூட்ட, அதிலிருந்து வைட்டமின் என்ற சொல் பிறந்தது. தமிழில் உயிர்ச்சத்து என்ற சொல்லும் அதற்கு வழங்கியது. சென்னை மாகாணத்தின் வடகடலோர மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டவர்களிடையே பெரிபெரி பரவியிருந்தது. இந்நோயை ஆராய்வதற்காக 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பணியே பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1950களின் இறுதியில் ஐதராபாத்துக்கு இடம் மாறி, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது.

தமிழ் மாவட்டங்களில் பெரிபெரி ஏன் அவ்வளவாகப் பரவவில்லை என்ற கேள்விக்கு விடை புழுங்கல் அரிசியில் இருந்தது. நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உலர்த்திய பின் குத்தும்போது, தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயாமின் என்ற பி1 வைட்டமினில் ஒரு பகுதி நீருடன் சேர்ந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் பிற்பாடு தவிட்டை நீக்கினாலும் அச்சத்து முழுதும் போய்விடுவதில்லை. பச்சரிசியிலோ, தவிட்டை ஆலை உரித்தெடுக்கும்போது உயிர்ச்சத்தும் உடன் போய்விடுகிறது. மயிலாப்பூர் வீடுகளில் புழுங்கல் அரிசி ஒருமுறை வெந்தது என்பதால் படையலுக்கு ஆகாது என்றும், பச்சரிசியே சடங்குக்கு உரியது என்றும் வழங்கிவந்த வேறுபாடு, ஆய்வுக்கூடத்தில் முற்றிலும் வேறொரு பொருளைப் பெற்றது. உழைக்கும் மக்களின் அன்றாட அரிசியே உடலுக்கு நெருக்கமானது என்று அறிவியல் கூறியது. வடித்த கஞ்சியைக் கொட்டிவிடும்போது நீரில் கரையும் சத்துகளும் அதனுடன் போகின்றன என்பதும், கஞ்சியைக் குடிக்கும் வீடு அவற்றைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பதும் இதே ஆய்வுகளின் தொடர்ச்சியாக விளங்கின.

ஆனால் குன்னூரிலிருந்து வந்த இன்னொரு செய்தி அவ்வளவு ஆறுதலானது அன்று. 1920களில் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி ஆகியவை கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகளின் சராசரி எடை 235 கிராம். அரிசியே மிகுந்து, பாலும் பருப்பும் காய்கறியும் குறைந்த சென்னை உணவை உண்டவை 155 கிராமிலேயே நின்றன. ஒப்பிடப்பட்ட ஏழு வகை உணவுகளில் அதுவே கடைசி. இந்த உணவின் குறை கண்ணிலும் தெரிந்தது. எழும்பூர் கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ஆர்.இ.ரைட், வைட்டமின் ஏ குறைவால் பிள்ளைகளின் கருவிழி மென்மையாகி உருகிப்போகும் நோயைப் பற்றி 1922இல் எழுதினார். மாலைக்கண் என்று மக்கள் அறிந்த குறை அந்நோயின் முதற்படி. பச்சைக் கீரைகளில் உள்ள கரோட்டின் என்ற நிறமியை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது என்பதால், முருங்கையும் அகத்தியும் வேலியோரம் தழைத்து நின்ற ஊரில் பிள்ளைகள் பார்வை இழந்தது, அறியாமையும் வறுமையும் சேர்ந்து விளைத்த பெருந்துயரம்.

குன்னூரில் 1935 முதல் 1945 வரை இயக்குநராக இருந்த வாலஸ் அய்க்ராய்ட், இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பைப் பட்டியலிட்டு 1937இல் ஒரு சிறுநூலை வெளியிட்டார். அரிசி, கேழ்வரகு, துவரை, அரைக்கீரை என நூற்றுக்கணக்கான பொருள்களில் புரதம், இரும்பு, சுண்ணாம்புச் சத்து ஆகியவை எவ்வளவு என்பதை விடுதிச் சமையல் மேலாளரும் மருத்துவரும் ஒருங்கே பார்த்து அறியும் நிலை அதனால் உருவாயிற்று. 1944இல் ஊட்டச்சத்து ஆலோசனைக் குழு, வளர்ந்த ஒருவருக்கான சமச்சீர் உணவை அவுன்சுக் கணக்கில் வகுத்தது: தானியம் 14 அவுன்சு, பருப்பு 3, கீரை 4, பால் 10 என்று அப்பட்டியல் சென்றது. கிராமில் சொன்னால் தானியம் சுமார் 400, பருப்பு 85, கீரை 113. உடலின் கணக்கு இவ்வாறு ஏறத்தாழ முடிந்தது. அரிசிக்கே கட்டுப்பாடும் பங்கீடும் நிலவிய போர்க்காலத்தில், இந்தப் பட்டியல் ஏழை வீட்டு அடுப்புக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

மதிய உணவு என்ற பெயரும் சத்துணவு என்ற பெயரும்

ஒவ்வொரு காலத்திலும் பள்ளி உணவுக்கு வழங்கிய பெயரே அக்காலத்தின் கருத்தைச் சொல்லிவிடுகிறது. 1920இல் அது சிற்றுண்டி. அப்பெயர் உணவின் சிறிய அளவைக் குறித்தது. காமராசர் காலத்தில் அது மதிய உணவு. அப்பெயர் பசி எடுக்கும் வேளையைக் குறித்தது. 1982இல் அது சத்துணவு. அப்பெயர் உணவின் உள்ளடக்கத்தைக் குறித்தது.

காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலுவின் துணையுடன், 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. முதலில் ஊர்மக்கள் கொடுக்கும் நெல்லும் விறகும் காய்கறியுமே அதைத் தாங்கின. பின்னர் ஒரு சாப்பாட்டுக்கு ஆகும் 10 பைசாவில் அரசு 6 பைசாவும் ஊர் 4 பைசாவும் ஏற்கும் முறை வந்தது. 1925இல் எந்த ஏட்டிலும் இடமில்லாமல் நின்றுபோன செலவுக்கு, அரசும் ஊரும் சேர்ந்து எழுதும் ஒரு பொதுக்கணக்கு இவ்வாறு திறக்கப்பட்டது. 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால்பொடியும் சமையல் எண்ணெயும் வழங்கியபோது, தானியத்துடன் புரதமும் கொழுப்பும் தட்டில் கூடின.

அக்காலத்தில் உலகளவில் ஊட்டச்சத்து அறிஞரிடையே ஒரு முக்கிய விவாதம் நடந்தது. ஏழைப் பிள்ளைகளின் மெலிவுக்குக் காரணம் புரதக் குறைவே என்று கருதி, புரத மாவுகளையும் புரதப் பிஸ்கட்டுகளையும் தயாரிப்பதில் பலர் முனைந்திருந்தனர். சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய சி.கோபாலன், இந்தியப் பிள்ளைகளின் முதன்மைக் குறை வயிறார உணவு கிடைக்காததே என்று எடுத்துரைத்தார். அரிசியும் பருப்பும் கலந்த வீட்டு உணவே போதிய அளவு கிடைத்தால், புரதத் தேவையும் பெரும்பாலும் அதனுடனேயே நிறைவேறும். ஆற்றல் போதாதபோது உடல் புரதத்தையே எரித்துவிடுவதால், பிள்ளை சவலையாகிறது. இது வெளிநாட்டுப் பொட்டலத்திலிருந்து உள்ளூர்ச் சமையலறைக்குக் கவனத்தைத் திருப்பிய கருத்து.

அரிசியும் பருப்பும் சேர்வதன் பயனை இங்கே விளக்குவது தகும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு அலகுகளால் ஆனது. அவற்றில் சிலவற்றை உடல் தானே ஆக்கிக்கொள்ள முடியாது, உணவிலிருந்தே பெற வேண்டும். அரிசியில் லைசின் என்ற அமிலம் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் ஒரே வேளையில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. சாம்பார் சாதமும், உளுந்தும் அரிசியும் சேர்ந்த இட்லியும், பச்சைப்பயறு சேர்ந்த வெண்பொங்கலும் இந்த ஈட்டை எவரும் கற்பிக்காமலே செய்துவந்தவை. மாவு இரவு முழுதும் புளிக்கும்போது, இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் குறைவதால், அத்தாதுக்கள் உடலில் எளிதாகச் சேர்கின்றன.

1982 ஜூலை 1 அன்று திருச்சிராப்பள்ளிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சிற்றூர்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தொடங்கிய அத்திட்டம், அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் சென்னை உள்ளிட்ட நகர்ப்புறங்களுக்கும், 1984இல் 15 வயது வரையுள்ள மாணவருக்கும் விரிந்தது. இவ்வளவு பெரிய செலவை மாநிலத்தின் கருவூலம் தாங்குமா என்ற ஐயம் அன்று பரவலாக எழுந்தது. ஆயினும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எனப் பல்லாயிரம் பெண்களுக்கு, அவர்களுள் கைம்பெண்களுக்கும் ஆதரவற்றோருக்கும் முன்னுரிமை தந்து, வேலை கொடுத்த அத்திட்டம் நிலைபெற்றது. அடுத்தடுத்து வந்த ஆட்சிகள் எதுவும் அதை நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் ஒரு பொருளைக் கூட்டியது. மு.கருணாநிதி ஆட்சியில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010இல் அது பள்ளி நாள் ஐந்திலும் முட்டை என்றாயிற்று. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வழங்கப்பட்டது. கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் வாரப் பட்டியலில் இடம்பிடித்தன. ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்களும் மசாலா முட்டையும் வந்தன.

ஒரே ஒரு தட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தால் இந்தச் சேர்க்கைகளின் பொருள் தெளிவாகும். தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு அளந்து போடப்படுவது 100 கிராம் அரிசியும் 15 கிராம் பருப்பும். பதினைந்து கிராம் துவரம்பருப்பு என்பது ஆறு வயதுப் பிள்ளையின் மூடிய கைக்குள் அடங்கிவிடும் அளவு. அரிசியிலிருந்து ஏறத்தாழ 7 கிராமும், பருப்பிலிருந்து சுமார் 3 கிராமும் புரதம் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால் 10. தொடக்கப் பள்ளி மதிய உணவுக்கு நாடு முழுவதற்குமாக வகுக்கப்பட்ட அளவோ 450 கிலோகலோரியும் 12 கிராம் புரதமும். அந்தத் தட்டின் ஓரத்தில் அவித்த முட்டை ஒன்று வைக்கப்படும்போது, அதன் 6 கிராம் புரதத்தால் கணக்கு 16ஐ எட்டுகிறது. முட்டைப் புரதத்தில் எல்லா அமினோ அமிலங்களும் தக்க அளவில் இருப்பதால் அதன் பயன் எண்ணிக்கையை விடவும் மிகுதி. சத்துணவு மையத்தில் தட்டேந்தி வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. அதைப் போட்டு வைத்த ஒரு சமுதாயம் பின்னால் இருப்பதே அப்பிள்ளைக்குப் போதும்.

2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்று ஆணையிட்டபோது, ஆயிரம் விளக்கில் ஓர் அணாவுடன் தொடங்கிய வழக்கம் நாட்டின் உரிமையாயிற்று. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த காலை உணவுத் திட்டம், உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவற்றைக் காய்கறிச் சாம்பாருடன் வழங்குகிறது. வெறும் வயிற்றுடன் முதல் பாடவேளையில் அமரும் பிள்ளையைப் பற்றித் தியாகராயர் கொண்ட கவலைக்கு அது நேரான விடை.

குறைவிலிருந்து மிகைக்கு

பசியைத் துரத்திய அதே நகரத்தில், அண்மைக் காலத்தில் சமச்சீரின்மை வேறு உருவம் எடுத்திருக்கிறது. நியாயவிலைக் கடைகள் வழியே அரிசி மலிவாகவும், 2011 முதல் பெரும்பாலான குடும்ப அட்டைகளுக்கு இலவசமாகவும் கிடைக்கிறது. 2007 முதல் துவரம்பருப்பும் உளுத்தம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் சேர்ந்தன. 2013 பிப்ரவரியில் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமில் தொடங்கிவைக்கப்பட்ட அம்மா உணவகம், 1 ரூபாய்க்கு இட்லியும் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் 3 ரூபாய்க்குத் தயிர் சாதமும் தந்து, கட்டடத் தொழிலாளியையும் ஆட்டோ ஓட்டுநரையும் வெறும் வயிற்றிலிருந்து காத்தது. இவை பெரும் சாதனைகள். ஆனால் சென்னை மக்களிடையே நடத்தப்பட்ட விரிவான நோய்ப்பரவல் ஆய்வு ஒன்று, அவர்கள் பெறும் ஆற்றலில் பாதிக்கு நெருக்கமான பங்கு தீட்டிய தானியங்களிலிருந்தே, குறிப்பாக வெள்ளை அரிசியிலிருந்தே வருகிறது என்றும், அந்தப் பங்கு மிகுந்தவர்களிடம் நீரிழிவு கூடுதலாகக் காணப்படுகிறது என்றும் காட்டியது. தவிடு நீங்கிய அரிசியின் மாவுச்சத்து விரைவில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் ஏறுவதும், உடலுழைப்பு குறைந்துவிட்டதும் இதன் காரணங்கள். மண் சுமந்த பாட்டனாருக்கு எட்டாதிருந்த அரிசி, நாற்காலியில் அமர்ந்த பேரனுக்கு மிகையாகிவிட்டது.

இந்த மாற்றம் பட்டியல்களிலேயே பதிவாகியுள்ளது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, 2,000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகை அல்லது முட்டை, மீன், இறைச்சி, 400 கிராம் கீரையும் காய்கறியும், 100 கிராம் பழம், 300 மில்லி பால், 35 கிராம் கொட்டைகளும் எண்ணெய் வித்துகளும், 27 கிராம் எண்ணெய் என்று வகுக்கிறது. 1944ஆம் ஆண்டின் பட்டியல் இதைவிடக் கூடுதல் உழைப்புள்ள மனிதரை மனத்தில் கொண்டது என்பதையும், அதில் இறைச்சியும் முட்டையும் பருப்புக்கு மேல் தனியே எழுதப்பட்டிருந்தன என்பதையும் கருத்தில் கொண்டாலும், ஒப்பீடு பல செய்திகளைச் சொல்கிறது. தானியம் 400 கிராமிலிருந்து 250க்கு இறங்கிவிட்டது. பருப்பின் இடத்தில் நிற்கும் எண் எண்பது ஆண்டுக்குப் பின்னும் அதே 85 கிராம். அரிசியைத் தாராளமாகவும் பருப்பைக் கரண்டி நுனியிலும் பரிமாறும் பழக்கம் மாற வேண்டும் என்பதே இரு பட்டியல்களின் ஒருமித்த கூற்று.

மயிலாப்பூர் மாட வீதிக் காய்கறிக் கடைகளில் முளைக்கீரையும் சிறுகீரையும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அடையாற்றை அடுத்த தரமணியில் 1988 முதல் இயங்கும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள கேழ்வரகையும் பிற சிறுதானியங்களையும் மீண்டும் வயலுக்கும் அடுக்களைக்கும் கொண்டுவரப் பாடுபட்டு வந்திருக்கிறது. வசதியுள்ள வீடு இவற்றை விருப்பத்தால் தேர்ந்துகொள்ள இயலும். நாட்கூலியில் வாழும் வீட்டுக்கோ, 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் இன்னும் எட்டாத வரிகளாகவே உள்ளன.

கார்னிஷ் பருப்பையும் காய்கறியையும் கேட்டபோது அறிவு இருந்தது, ஏடு திறக்கவில்லை. தியாகராயர் ஓர் அணாவுக்கு ஏட்டைத் திறந்தார். அது ஐந்தாண்டில் மூடப்பட்டது. மீண்டும் திறக்கப்பட்ட பின், பருப்பும் பயறும் முட்டையும் வாழைப்பழமும் ஒவ்வொரு வரியாக அதில் ஏறின. ஏறிய எதுவும் பிறகு அழிக்கப்படவில்லை. அந்த ஏட்டில் கீரைக்கும் பழத்துக்கும் சிறுதானியத்துக்கும் இன்னும் தக்க இடம் எழுதப்படவில்லை. ஐந்து மாநகராட்சிப் பள்ளிகளின் பதிவேடு 811இலிருந்து 1,671 ஆன வரலாற்றை அறிந்த நகரத்துக்கு, அந்த வரிகளை எழுதுவதற்கு வேறு சான்று தேவையில்லை.